ஸ்டோரேஜ் யூனிட் ஏலத்தில் இறங்கலாமா?

கேள்வி:

நாங்கள் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். கணவர் எச்-1பி விசாவில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். எனக்கு அவரைச் சார்ந்த எச்-4 விசா; வேலை அனுமதி அட்டையும் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டால் பகலில் நேரம் கிடைக்கிறது. சாமான் போட்டுவைக்க வாடகைக்கு எடுத்து, வாடகை கட்டாமல் விட்டுப்போன ஸ்டோரேஜ் யூனிட்டுகளை ஏலத்தில் எடுத்து, உள்ளே இருப்பதை விற்று நன்றாகச் சம்பாதிக்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். டி.வி. தொடரிலும் பார்த்திருக்கிறேன். என் கையில் 3,000 டாலர் சேமிப்பு இருக்கிறது. கராஜில் பாதி இடம் காலி. இதில் இறங்கலாமா? எவ்வளவு வரை ஏலம் கேட்கலாம்? விசா, வரி விஷயத்தில் சிக்கல் வருமா? இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. ஊரிலிருந்து பேசும்போது அம்மா, "அடுத்தவன் கஷ்டத்தில் விட்டுப்போன சாமானை வாங்காதே, வயிற்றெரிச்சல் சும்மா விடாது" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

– வாசகி, ஃப்ரீமான்ட்

பதில்:



நீங்கள் இறங்கலாம். உங்கள் கணவர் இறங்கக் கூடாது. மற்ற தவறுகளில் பணம்தான் போகும். இந்த ஒன்றில் குடும்பம் இந்த நாட்டில் இருப்பதே கேள்விக்குறியாகிவிடும் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

எச்-1பி விசாவில் இருப்பவர் தனக்காக விண்ணப்பித்த நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். வீட்டுப் பழைய சோபாவை விற்பதில் தவறில்லை. ஆனால் லாபத்துக்காக வாங்கி, சுமந்து, விளம்பரம் போட்டு விற்பது தொழில். சனி, ஞாயிறில் செய்தாலும் அது தொழில்தான். "சம்பளம் வாங்கவில்லை, மனைவிக்கு ஒத்தாசை செய்தேன்" என்று சொல்லித் தப்பிக்கலாம் என நினைக்க வேண்டாம். உங்கள் நிலைமை வேறு. தகுதியுள்ள எச்-4 விசாக்காரர்களுக்கு வேலை அனுமதி தரும் விதி 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அந்த அட்டை உங்களை எந்த முதலாளியோடும் கட்டிப்போடவில்லை; சொந்தத் தொழிலும் செய்யலாம். அட்டையின் தேதி முடிவதற்குள் புதுப்பித்துவிட வேண்டும். ஏலக் கணக்கு, வங்கிக் கணக்கு, உரிமம், விற்பனைத் தளங்களின் கணக்கு எல்லாம் உங்கள் பெயரில் இருக்கட்டும். சுமக்க ஆள் வேண்டுமென்றால் கூலிக்கு அமர்த்துங்கள். தொடங்குவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் உங்கள் காகிதங்களைக் காட்டிப் பேசிவிடுங்கள். அந்தக் கட்டணத்தை முதலீட்டின் முதல் செலவாக எழுதிக்கொள்ளுங்கள்.

இனி தொழிலுக்கு வருவோம். இதில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் வேலையைத்தான். சுமப்பது, பிரிப்பது, துடைப்பது, ஓடுகிறதா என்று பார்ப்பது, படம் எடுப்பது, விலை விசாரிப்பது, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவருக்காகக் காத்திருப்பது, மிச்சத்தைக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோவது. இந்த வேலைக்கு என்ன கூலி நிற்கும் என்று கணக்குப் போட்டு ஏலம் கேட்பவர் நிலைக்கிறார். உள்ளே என்ன இருக்குமோ என்ற ஆசையில் கேட்பவர் சில மாதங்களில் விட்டுவிடுகிறார்.

டி.வி. காட்டுவதும் விடுவதும்

நீங்கள் பார்த்த தொடர் 'ஸ்டோரேஜ் வார்ஸ்' ஆக இருக்கும். ஏ அண்டு ஈ சேனலில் 2010 டிசம்பரில் தொடங்கியது, களமும் கலிஃபோர்னியாதான். அதில் ஏலம் கேட்பவர்களில் ஒருவரான டேவ் ஹெஸ்டர், விலை உயர்ந்த பொருள்களைத் தயாரிப்பாளர்களே யூனிட்டுகளுக்குள் வைத்தார்கள் என்று குற்றம் சாட்டி 2012 டிசம்பரில் வழக்குப் போட்டார். 2014இல் அது சமரசத்தில் முடிந்தது. அந்தக் குற்றச்சாட்டை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும், அரை மணி நேரத் தொடரில் மெத்தைகளைக் குப்பைக் கிடங்குக்கு இழுத்துப்போகும் மதியத்துக்கு இடமில்லை என்பது புரியும்.

அதிசயம் நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். 1977இல் வந்த 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தண்ணீருக்குள் ஓடும் வெள்ளைக் கார் நினைவிருக்கிறதா? அது நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டில் ஒரு யூனிட்டில் கிடந்தது. 1989இல் ஒரு தம்பதி உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே 100 டாலருக்கு அந்த யூனிட்டை எடுத்தார்கள். 2013 செப்டம்பரில் லண்டன் ஏலத்தில் அந்தக் காரை எலான் மஸ்க் 5,50,000 பவுண்டுக்கு வாங்கினார். எடுத்ததற்கும் விற்றதற்கும் நடுவில் 24 ஆண்டுகள். இந்த ஒரு கதையை இத்தனை ஆண்டுகள் கழித்தும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருப்பதே இது எவ்வளவு அபூர்வம் என்பதற்குச் சாட்சி.

தொடர் வந்த பிறகு ஏலத்துக்கு வரும் கூட்டம் பெருகியது. நேரில் ஷட்டரைத் தூக்கிக் காட்டி விடும் ஏலங்கள் குறைந்து, இப்போது பெரும்பாலானவை ஸ்டோரேஜ்ட்ரெஷர்ஸ், லாக்கர்ஃபாக்ஸ் போன்ற இணையதளங்களில் நடக்கின்றன. வீட்டிலிருந்தே கேட்கலாம் என்பது உங்களுக்கு வசதி. அதே வசதி நூறு பேருக்கு இருப்பதால் விலையும் ஏறுகிறது.

படத்தைப் படிக்கும் விதம்

ஏலத்துக்கு முன் யூனிட்டுக்குள் நுழையவோ பெட்டியைத் திறக்கவோ விடமாட்டார்கள். நேரடி ஏலமானால் வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம். இணையத்தில் சில படங்கள் மட்டும். அந்தப் படங்களை நிதானமாகப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் முக்கியத் திறமை.

10க்கு 10 அடி யூனிட் ஒன்றின் படம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படுக்கையறை வீட்டின் சாமான் மொத்தமும் அடங்கும் அளவு. முன்வரிசையில் துணி போர்த்திய மேசை. பின்னால் ஒரே அளவு அட்டைப்பெட்டிகள் மார்பளவு உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் டேப் நேராக ஒட்டி, பக்கவாட்டில் 'சமையலறை', 'அலுவலகம்' என்று எழுதியிருக்கிறது. இடதுபுறச் சுவரோரம் இழுப்பறை வைத்த இரும்புக் கருவிப்பெட்டி. அதன் கைப்பிடியில் தேய்மானம் இருக்கிறது, துரு இல்லை. பொறுமையாகக் கட்டி வைத்த மனிதரின் யூனிட் இது. உடையும் பொருளைக் காகிதம் சுற்றித்தான் வைத்திருப்பார். கருவிப்பெட்டிக்குள் கருவிகளும் இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு படம். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை கறுப்புக் குப்பைப்பைகள். நடுவில் உறையில்லாத மெத்தை. ஓரிடத்தில் மட்டும் பள்ளம் விழுந்து, வாசல் வரை பாதை போலத் தெரிகிறது. யாரோ உள்ளே போய் வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பைகளில் பெரும்பாலும் துணி. மெத்தையை விற்பது பற்றி நினைக்கவே வேண்டாம். இப்படிப்பட்ட யூனிட் 10 டாலருக்குக் கிடைத்தாலும் விலை அதிகம்.

பொதுவாகப் பார்க்க வேண்டியவை சில. சுவரின் அடியில் தண்ணீர்க் கறை இருக்கிறதா? அடிப்பெட்டிகள் நசுங்கி ஊறியிருக்கின்றனவா? ஓரங்களில் எலிப்புழுக்கை தெரிகிறதா? பொருள்களின் மேல் ஒரே சீராகத் தூசி படிந்திருக்கிறதா, அல்லது சமீபத்தில் கலைத்த அடையாளம் இருக்கிறதா? யூனிட் தரைத்தளத்திலா, லிஃப்டில் ஏறும் தளத்திலா? மேல்தள யூனிட் குறைந்த விலைக்குப் போகும். அந்த மிச்சத்தை உங்கள் முதுகு கொடுத்துவிடும்.

எவ்வளவு கேட்கலாம்?

எனக்குத் தெரிந்த பாதுகாப்பான விதி ஒன்றே. கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டும் விலை போடுங்கள். மூடிய பெட்டிக்கு மதிப்பு பூஜ்யம். அதில் ஏதாவது வந்தால் வந்தது.

உதாரணத்துக்கு, முதல் படத்தைப் போன்ற ஒரு யூனிட்டில் இவை கண்ணுக்குத் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். கருவிப்பெட்டி 350 டாலர், துணி துவைக்கும் இயந்திரமும் உலர்த்தியும் ஜோடியாக 400, இழுப்பறை அலமாரி 150, மலைச் சைக்கிள் 200, தோட்டத்து மேசை நாற்காலி 150, கூடாரம் உள்ளிட்ட முகாம் சாமான் 150. மொத்தம் 1,400. இதை அப்படியே பாதியாக்குங்கள். ஒன்று ஓடாது, ஒன்றின் கால் உடைந்திருக்கும், ஒன்று மூன்று மாதம் விலை போகாமல் நிற்கும். ஆக 700.

இப்போது செலவு. வாடகை வண்டி, பெட்ரோல், இன்சூரன்ஸ் 100. கூலிக்கு இரண்டு பேர், நான்கு மணி நேரம், 160. குப்பைக் கிடங்குக் கட்டணம் 90. மொத்தம் 350. மிஞ்சுவது 350. நீங்கள் பிரித்து, துடைத்து, படம் போட்டு விற்கும் நாள்களுக்கு உங்களுக்கும் கூலி வேண்டும். குறைவாகவே வைத்து 200 என்போம். மீதி 150. ஏலத்தொகைக்கு மேல் இணையதளம் குறிப்பிட்ட சதவிகிதம் கட்டணம் வாங்கும். அது 15 சதவிகிதம் என்று கொண்டால், நீங்கள் கேட்கக்கூடிய உச்சவிலை 130 டாலர்.

1,400 டாலர் சாமானுக்கு 130தானா என்று தோன்றும். அந்த யூனிட் 400க்குப் போகவும் போகும். போகட்டும். நீங்கள் விட்டுவிட்ட ஏலத்தில் உங்களுக்கு நஷ்டமில்லை. ஏலம் தொடங்குவதற்கு முன்பே உச்சவிலையைக் காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள். கடைசி இரண்டு நிமிடங்களில் எதிராளி பத்துப் பத்தாக ஏற்றும்போது மனம் கணக்கை மறந்து ஜெயிக்கப் பார்க்கும். அங்கேதான் முதலீடு கரைகிறது.

ஜெயித்த பிறகு

பல இடங்களில் ஏலத்தொகையை யூனிட் அலுவலகத்தில் ரொக்கமாகக் கேட்பார்கள். கூடவே சுத்தம் செய்வதற்கான டெபாசிட். 100 டாலர் என்பது சாதாரணம். இரண்டு மூன்று நாள்களுக்குள் யூனிட்டை முழுவதுமாகக் காலி செய்து, பெருக்கிக் கொடுத்தால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அங்கேயே விட முடியாது. அவர்களுடைய குப்பைத்தொட்டியில் கொட்டினால் டெபாசிட்டும் போய், அடுத்த ஏலத்துக்கும் சேர்க்கமாட்டார்கள். பணம் கட்டிய உடனே உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டுவிடுங்கள்.

தடித்த கையுறை, என்95 முகக்கவசம், டார்ச், மூடிய காலணி கட்டாயம். துணிப்பைக்குள் வெறுங்கையை விடாதீர்கள், ஊசி இருக்கலாம். எலிப்புழுக்கை இருந்தால் உலர்ந்த நிலையில் பெருக்கவே கூடாது. அமெரிக்காவில் சில வகைக் காட்டெலிகள் ஹான்டா வைரஸைப் பரப்புகின்றன. அந்தத் தூசியைச் சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து. ப்ளீச் கலந்த தண்ணீரைத் தெளித்து, ஊறவிட்டு, ஈரத்தோடு துடைத்தெடுக்க வேண்டும். பெயின்ட், பெட்ரோல் கேன், புரோபேன் சிலிண்டர், பேட்டரி இவற்றைச் சாதாரணக் குப்பையில் போடுவது சட்டவிரோதம். கவுண்டியின் அபாயக் கழிவு மையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

விற்கக் கூடாதவை

துப்பாக்கி கிடைத்தால் தொடாமல் காவல்துறையின் அவசரமல்லாத எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கலிஃபோர்னியாவில் உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாக அல்லாமல் அது கைமாறக் கூடாது. மருந்து மாத்திரைகளை விற்க முடியாது. மருந்துக்கடைகளில் இருக்கும் திரும்பப் பெறும் பெட்டியில் போடுங்கள். தந்தப் பொருள் கிடைத்தால் பழசுதானே என்று விற்றுவிடாதீர்கள். 2016 ஜூலை முதல் இந்த மாநிலத்தில் தந்த வியாபாரம் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது.

குழந்தைகளுக்கான சாமானில் கூடுதல் கவனம் வேண்டும். பக்கக் கதவு கீழே இறங்கும் தொட்டில்களை 2011 ஜூன் முதல் நாடு முழுவதும் விற்கக் கூடாது. புதியதானாலும் பழையதானாலும் இதுதான் சட்டம். அவற்றில் சிக்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். பாதுகாப்புக் குறைபாட்டுக்காகத் திரும்பப் பெறப்பட்ட எந்தப் பொருளையும் விற்பது குற்றம். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பெயரும் மாடல் எண்ணும் கொடுத்துப் பார்த்துவிட்டு விற்பனைக்குப் போடுங்கள். கார் சீட்டின் வரலாறு உங்களுக்குத் தெரியாது. விபத்தில் அடிபட்டதாகக்கூட இருக்கலாம். அதை விற்கவே வேண்டாம்.

திருட்டுப் பொருள் வந்தால்? கலிஃபோர்னியா சட்டப்படி நேர்மையாக ஏலம் எடுத்தவரிடமிருந்து பழைய வாடகைதாரர் பொருளைத் திரும்பக் கேட்க முடியாது. ஆனால் அந்த வாடகைதாரரே திருடி வைத்திருந்தால், உண்மையான சொந்தக்காரரின் உரிமை ஏலத்தால் அழிவதில்லை. நடிகர் நிக்கோலஸ் கேஜின் வீட்டிலிருந்து 2000ஆம் ஆண்டில் சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய காமிக்ஸ் புத்தகம் திருட்டுப்போனது. 2011இல் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஒரு ஸ்டோரேஜ் லாக்கரிலிருந்து அது வெளியே வந்து, அதே ஆண்டு 21.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. யாரோ லாக்கரைக் காலி செய்யும்போது கிடைத்தது என்பதற்காக அது கண்டெடுத்தவருக்குச் சொந்தமாகிவிடவில்லை. வரிசை எண் சுரண்டப்பட்ட கருவிகளோ, ஒரே மாதிரியான புதுப்பொருள் பெட்டி பெட்டியாகவோ இருந்தால் விற்பதற்கு முன் காவல்துறையிடம் கேளுங்கள்.

எங்கே விற்பது, வரி எப்படி?

பெரிய, கனமான பொருளை ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ், கிரெய்க்ஸ்லிஸ்ட், ஆஃபர்அப் போன்ற உள்ளூர்த் தளங்களில் போடுங்கள். வாங்குபவரே வந்து தூக்கிக்கொண்டு போவார். சிறியது, தேடி வாங்கும் ரகம் என்றால் ஈபே. அங்கே மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள், அதுதான் உண்மை விலை. பெரும்பாலான வகைகளில் ஈபே விற்பனைத் தொகையில் சுமார் 13 சதவிகிதம் எடுத்துக்கொள்ளும். உதிரியாகக் கிடப்பதை உங்கள் பக்கத்திலேயே கூடும் பழைய பொருள் சந்தை எதிலாவது கொட்டி விற்கலாம். பழம்பொருள் சேர்ந்தால் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அலமீடா பாயின்ட்டில் கூடும் சந்தை நல்ல இடம். விலை போகாத நல்ல பொருளைக் குட்வில்லிலோ, ஹேபிடாட் அமைப்பின் ரீஸ்டோரிலோ கொடுங்கள். குப்பைக் கிடங்குக் கட்டணமும் மிச்சம், இன்னொரு குடும்பத்துக்கும் பயன்.

மாநில வரித்துறையிடம் விற்பனையாளர் அனுமதி வாங்க வேண்டும், கட்டணம் இல்லை. அது கையில் இருந்தால் மறுவிற்பனைச் சான்று கொடுத்து, ஏலத்தொகைக்கு விற்பனை வரி கட்டாமல் எடுக்கலாம். இல்லையென்றால் 7.25 சதவிகிதத்தில் தொடங்கி, ஊருக்கு ஊர் கூடும் வரி ஏலத்தொகையின் மேல் ஏறும். ஈபே போன்ற தளங்கள் வாங்குபவரிடம் விற்பனை வரியை வசூலித்து அவையே கட்டிவிடும்; சந்தையில் நேரில் விற்பதற்கு நீங்கள்தான் வசூலித்துக் கட்ட வேண்டும். வருமான வரியில் 'ஷெட்யூல் சி' படிவத்தில் லாபத்தைக் காட்டுங்கள். ஆண்டு நிகர லாபம் 400 டாலரைத் தொட்டால் 15.3 சதவிகித சுயதொழில் வரியும் உண்டு. விற்பனைத் தளம் வருமானப் படிவம் அனுப்பவில்லை என்பதால் வரி இல்லை என்றாகிவிடாது. வண்டி, குப்பைக் கிடங்கு, கூலி ரசீதுகளையும், ஓட்டிய மைல்களையும் குறித்து வையுங்கள், அவை கழிவாகும். நகரத் தொழில் உரிமம் எடுக்கும்போதே, உங்கள் சரக்குக்குப் பழைய பொருள் வியாபாரி உரிமமும் தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

அம்மா கேட்ட கேள்வி

அம்மாவின் கேள்வியை மூடநம்பிக்கை என்று ஒதுக்காதீர்கள். இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

முதலில் சட்டம். கலிஃபோர்னியாவில் வாடகை 14 நாள் பாக்கியானால்தான் முதல் நோட்டீஸ் அனுப்பலாம். கட்டுவதற்கு மேலும் குறைந்தது 14 நாள் அவகாசம். அதற்குப் பிறகு ஏல நோட்டீஸ், அதனுடன் ஆட்சேபம் தெரிவிக்கும் படிவம். வாடகைதாரர் அதில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினால், நீதிமன்றம் போகாமல் ஏலம் விட முடியாது. ஏல அறிவிப்பு வெளியாக வேண்டும். ஏலத்துக்கு முன் பாக்கியைக் கட்டினால் ஏலம் நின்றுவிடும். அப்படி நின்றால் வருத்தப்படாதீர்கள், ஒரு குடும்பத்துக்குச் சாமான் திரும்பக் கிடைத்திருக்கிறது. பணியில் இருக்கும் ராணுவத்தினரின் யூனிட்டை நீதிமன்ற உத்தரவின்றி ஏலம் விடக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். பாக்கியும் செலவும் போக மிஞ்சும் ஏலத்தொகை வாடகைதாரருக்கே சொந்தம். ஓராண்டு வரை அவர் வந்து கேட்கலாம், பிறகு அது கவுண்டிக் கருவூலத்துக்குப் போகும். நம் ஊரில் அடகு நகையை வங்கி ஏலம் விட்டால், கடன் போக மிச்சத்தை நகைக்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்ற நியாயமே இங்கும் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

சட்டம் சரியாக இருந்தாலும் மனம் ஆறாது என்பது எனக்குத் தெரியும். யூனிட்டை விட்டுப்போனவர் எல்லோரும் வேண்டாமென்று விட்டுப்போனவர்கள் இல்லை. மரணம், விவாகரத்து, நீண்ட மருத்துவமனைவாசம், சிறை, வேலையிழப்பு. நம்மவர்களும் இதில் உண்டு. எச்-1பி வேலை போனால் 60 நாள்தான் அவகாசம். அவசரமாக வீட்டைக் காலி செய்து, சாமானை யூனிட்டில் போட்டுவிட்டு ஊருக்குப் போகிறார்கள். தானாக வாடகை எடுக்கும் கிரெடிட் கார்டு காலாவதியாகிறது. நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போகிறது. கல்யாண ஆல்பம் ஏலத்துக்கு வந்துவிடுகிறது. இதைப் படிப்பவர்களில் யூனிட் வைத்திருப்பவர்கள் இன்றே அலுவலகத்துக்குச் சொல்லி மின்னஞ்சலையும், இங்கேயே இருக்கும் நண்பர் ஒருவரின் தொடர்பையும் பதிவு செய்துவிடுங்கள்.

விவியன் மையரின் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சிகாகோவில் பணக்கார வீடுகளில் குழந்தை பார்த்துக்கொண்ட பெண். வாழ்நாள் முழுக்கத் தெருக்களில் புகைப்படம் எடுத்தார்; ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள், பெரும்பாலானவை பிரின்ட் போடாதவை. முதுமையில் லாக்கர் வாடகை கட்ட முடியவில்லை. 2007இல் பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன. ஜான் மாலூஃப் என்ற இளைஞர் நெகட்டிவ்கள் நிரம்பிய பெட்டி ஒன்றைச் சுமார் 380 டாலருக்கு எடுத்தார். மையர் அப்போது உயிரோடுதான் இருந்தார். 2009 ஏப்ரலில் இறந்தார். அதன் பிறகுதான் உலகம் அவரைக் கொண்டாடியது. அவரைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. கூடவே வழக்கும் வந்தது. நெகட்டிவ் வாங்கியவருக்கு அந்தப் பொருள்தான் சொந்தம்; படத்தின் காப்புரிமை அதைப் படம்பிடித்தவருக்கும் அவர் வாரிசுக்கும்தான். அமெரிக்கச் சட்டத்தில் இது தெளிவாக இருக்கிறது. உங்களுக்கு யாருடைய கையெழுத்துப் பிரதியோ நெகட்டிவோ கிடைத்தால் அதை அச்சிடும் உரிமை உங்களுக்கு இல்லை.

இதைவிடச் சாதாரணமானவைதான் உங்கள் கைக்கு வரும். ஷூ பெட்டிக்குள் குழந்தையின் மருத்துவமனைக் கைப்பட்டை, முதலில் விழுந்த பல், பள்ளிப் படங்கள், கோணல் எழுத்தில் அம்மாவுக்கு எழுதிய வாழ்த்து அட்டை. சில சமயம் தகனம் செய்தவரின் சாம்பல் கலசம். சந்தையில் இவற்றின் விலை பூஜ்யம். விட்டுப்போனவருக்கு மொத்த யூனிட்டிலும் விலைமதிப்பில்லாதவை இவைதான். குடும்பப் படங்கள், பாஸ்போர்ட், சான்றிதழ், கடிதம், கலசம் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் தனியாகச் சேர்த்து, யூனிட் அலுவலகத்தில் ஒப்படையுங்கள். பல ஏலங்களில் இது நிபந்தனையாகவே இருக்கும். நிபந்தனை இல்லாவிட்டாலும் செய்யுங்கள். கணினி, போன் கிடைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அழித்துவிட்டு விற்க வேண்டும். இந்த வேலைக்கு ஒரு மதியம் போகும். அந்த மதியத்தையும் செலவுக் கணக்கில் முன்கூட்டியே எழுதிவிட்டு ஏலம் கேளுங்கள். அப்படிச் செய்பவர் அடுத்தவர் கஷ்டத்தில் குளிர்காய்பவர் ஆகமாட்டார். அவர் எடுக்காவிட்டாலும் ஏலம் நடக்கத்தான் போகிறது; அவர் எடுத்தால் அந்தப் பெட்டியாவது உரியவர் கைக்குப் போக வழி இருக்கிறது.

முதல் மூன்று மாதம்

முதல் மாதம் ஏலமே கேட்காதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவுக்குள் வரும் ஏலங்களை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு யூனிட்டுக்கும் உங்கள் உச்சவிலையை எழுதுங்கள். கடைசியில் எவ்வளவுக்குப் போனது என்பதைப் பக்கத்திலேயே குறியுங்கள். எந்த ரகச் சாமானுக்கு ஆள்கள் மொய்க்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பது பிடிபடும். அதே மாதத்தில் அனுமதி, உரிமம், குப்பைக் கிடங்கின் கட்டணப் பட்டியல் இவற்றை முடித்துக்கொள்ளுங்கள்.

3,000 டாலரில் 1,000ஐ மட்டும் தொழிலுக்குத் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டாம் மாதம், தரைத்தளத்தில் 5க்கு 10 அடி யூனிட் ஒன்றை உங்கள் உச்சவிலைக்குள் கிடைத்தால் எடுங்கள். கராஜில் முந்தைய யூனிட்டின் சாமான் இருக்கும்வரை அடுத்ததைக் கேட்காதீர்கள். சரக்கு தேங்குவதுதான் இந்தத் தொழிலில் மெதுவாக வரும் நஷ்டம்.

மூன்று யூனிட் முடிந்ததும் கணக்குப் போடுங்கள். விற்ற தொகையிலிருந்து எல்லாச் செலவையும் வரியையும் கழித்து, உங்கள் மணி நேரத்தால் வகுங்கள். கிடைக்கும் தொகை ஊரின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இருந்தால் தயங்காமல் நிறுத்திவிடுங்கள். அதே நேரத்துக்கு அதைவிட நல்ல வேலை உங்களுக்குக் கிடைக்கும். மேலே இருந்தால் தொடருங்கள். எந்த வகைப் பொருளில் லாபம் நின்றது என்று பாருங்கள். கருவிகளா, பாத்திரங்களா, இசைக்கருவிகளா? அந்த ஒன்றைப் பற்றி மட்டும் ஆழமாகக் கற்றுக்கொண்டு, அது படத்தில் தெரியும் யூனிட்டுகளை மட்டும் கேளுங்கள்.